பாம்பக்காவின் பச்சைப் புள்ளி

ஐம்பத்துநாலு வயதுப் பெண்மணியை ஒரு கட்டடமே "பாம்பக்கா" என்று கூப்பிட்டால் வெளியாள் பதறத்தான் செய்வான். அவள் பதறியதே இல்லை. பாம்புச் செவி என்கிறோமே, அந்தச் செவி அவளுக்கு. அதனால் வந்த பட்டம். எறும்பு தும்மினாலும் அவளுக்குக் கேட்டுவிடும் என்று அளப்பார்கள். அந்தச் செவிதான் பதினெட்டு வருஷமாக அவளுக்குச் சோறு போட்டது.

முதலில் ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் குளிர்பதன மெக்கானிக்காக இருந்தாள். குழாயில் எங்கே வாயு கசிகிறது என்று மற்றவர்கள் சோப்பு நுரையைத் தடவித் தேடிக்கொண்டிருக்கும்போதே, "அதோ அந்த வளைவுல" என்று கையைக் காட்டிவிடுவாள். அதைக் கேள்விப்பட்டு ஆராய்ச்சி நிலையத்தில் கூப்பிட்டுக்கொண்டார்கள். அங்கே இருப்பது குவாண்டம் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்றதும் மேஜைமேல் வைக்கிற பெட்டியை நினைத்துவிட வேண்டாம். மேலேயிருந்து ஆளுயரத்துக்கு அடுக்கடுக்காகத் தொங்கும் செப்புத் தட்டுகள், அவற்றுக்கு நடுவே குடல் மாதிரி வளைந்து வளைந்து போகும் மெல்லிய குழாய்கள், எல்லாவற்றுக்கும் அடியில் நகமளவு ஒரு சில்லு. அந்த நகத்துக்குத்தான் இத்தனை ராஜோபசாரமும். விண்வெளியைவிடக் குளிர்ந்தால்தான் அது வேலை செய்யும். குளிர வைக்கும் ஹீலியம் ஓடுகிற குழாய்களில் நூற்றுப்பன்னிரண்டு இணைப்புகள். ஒன்றில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் கதை கந்தல்.

அந்த ஓட்டையைத் தேடுவதுதான் பாம்பக்காவின் வேலை. குழாய்களுக்குள் இருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்தபின், அவள் தலையையும் தோளையும் தட்டுகளுக்கு நடுவே நுழைத்து, பேனா போன்ற ஒரு குழலால் ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஹீலியத்தை ஊதுவாள். ஓட்டை இருந்தால் ஹீலியம் உள்ளே புகும். முதுகுக்குப் பின்னால் தள்ளுவண்டியில் நிற்கும் கருவி அதைக் கண்டுகொண்டு, அவள் மாட்டியிருக்கும் ஹெட்போனில் கொசு மாதிரி கீச்சிடும். கருவிக்குத் திரையும் உண்டுதான். முதுகில் கண் இல்லையே. கீச்சிடாத இணைப்பின் மேல் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பாள். அவள் பச்சைப் புள்ளி வைத்துவிட்டால் அப்புறம் அந்த இணைப்பை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, டாக்டர் உட்பட.

டாக்டர் என்றால் தலைவலிக்கு மாத்திரை சொல்லத் தெரியாத டாக்டர். ஆய்வகத்தின் தலைவர். நாலு வருஷமாக அவருக்கு ஒரே பிடிவாதம். சில்லில் தகவலைத் தாங்கும் க்யூபிட் என்ற நுண்ணலகு ஒவ்வொன்றும் படு மறதிக்காரன். சொன்னதைக் கண் இமைப்பதற்குள் மறந்துவிடும். அதனால் ஒரு தகவலை ஒரே க்யூபிட்டை நம்பி விடாமல் ஒரு கூட்டத்திடம் ஒப்படைத்து, ஒன்று தடுமாறினால் பக்கத்தில் இருப்பவற்றைக் கொண்டு கண்டுபிடித்துத் திருத்திவிடலாம் என்றார். காகிதத்தில் அருமையாக வந்தது. ஒன்பதை வைத்துச் செய்தார், பிறகு இருபத்தைந்தை வைத்துச் செய்தார்; பிழை குறைவதற்குப் பதில் கூடியது. பல பேர் சேர்ந்தால் பாம்பு சாகாது என்று பக்கத்துக் குழுவினர் சிரித்தார்கள். இப்போது நாற்பத்தொன்பது கொண்ட புதுச் சில்லு வந்திருந்தது. மாதக் கடைசியில் இயந்திரம் அந்தப் பக்கத்துக் குழுவின் கைக்குப் போய்விடும். அதற்குள் செய்து காட்டியாக வேண்டும்.

பாம்பக்காவின் கணவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவர். பேச்சுக்குப் பஞ்சமில்லாத மனுஷர். "உங்க மெஷின் என்னதான்மா செய்யும்?" என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார்.

"இப்போதைக்கு ஒண்ணும் செய்யாது."

"அப்புறம்?"

"செய்யும்."

அதற்கு மேல் அவளிடம் விளக்கம் கிடையாது, சந்தேகமும் கிடையாது. புது மருந்து கண்டுபிடிக்க உதவும், இன்னும் பத்து வருஷமோ இருபதோ என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னால் சரி. பேருந்திலிருந்து குழந்தைகளை இறக்கிவிடும்போது கணவர் மட்டும் ஒவ்வொன்றும் எப்போது பெரிய ஆளாகும் என்று கேட்டுக்கொண்டா இறக்குகிறார்?

புதுச் சில்லை மாட்டிய புதன்கிழமை பாம்பக்கா தேடலை முடித்தாள். வழக்கமாக இரண்டு மூன்று இணைப்புகள் முரண்டு பிடிக்கும். இந்தத் தடவை நூற்றுப்பன்னிரண்டும் ஒரே மூச்சில் தேறின. டாக்டர் கைகுலுக்கினார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் நின்றுகொண்டு, என்ன சமைக்கலாம் என்று ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்து யோசித்துக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து கணவர் வந்து கதவைச் சாத்தினார்.

"எவ்வளவு நேரமா அது கத்துது! காதுல விழலையா?"

"எது கத்துது?"

"ஃப்ரிட்ஜுதான். கதவு திறந்திருந்தா கீச்சு கீச்சுன்னு கத்துமே."

அவர் போனதும் கதவை மறுபடி திறந்தாள். காத்திருந்தாள். அந்தக் கீச்சு அவளுக்கு நன்றாகத் தெரியும்; பாதி உலகத்து ஃப்ரிட்ஜ்களின் கீச்சு அவளுக்கு மனப்பாடம். ஒன்றுமே கேட்கவில்லை. கதவில் கை வைத்தபடி அப்படியே நின்றாள். ஹெட்போன் பழசாகிவிட்டது என்று இரண்டு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே வந்து கடைசிக் கோட்டில் வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. நூற்றுப்பன்னிரண்டும் ஒரே மூச்சில் தேறியதும் நினைவுக்கு வந்தது.

பம்புகள் இரைகிற அறையில் பதினெட்டு வருஷம் நின்றால் காது என்ன, கல்லே தேயும். தடித்த சத்தமெல்லாம் மிச்சம் இருந்தது. மெல்லிசான சத்தங்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டிருந்தன.

திங்கட்கிழமை அவள் பயந்தபடியே ஆயிற்று. குளிர்ந்துகொண்டே வந்த இயந்திரம் கடைசிப் படியில் இறங்க மறுத்துவிட்டது. எங்கேயோ கசிகிறது. டாக்டர் எல்லோரையும் கூட்டினார்.

"புள்ளி எல்லாம் பச்சையா இருக்கு. அப்ப பத்தவெச்ச இடம்தான் குளிர்ல விரிசல் விட்டிருக்கணும்," என்றார். எல்லோரும் வெல்டரைப் பார்த்தார்கள். குழாய்களைப் பற்றவைத்தவர் அவர். ஐம்பது வயது, தலையில் ஒரு முடி கிடையாது, வாய் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டார். எல்லாவற்றையும் அறுத்து மறுபடி பற்றவைக்க மூன்று வாரம் ஆகும். மாதக் கடைசிக்கு இருந்தது பதினெட்டு நாள்.

பாம்பக்கா கூட்டம் கலைந்ததும் வெல்டரின் மேஜைக்குப் போனாள். "தம்பி, உன் வேலையில தப்பு இருக்காது," என்றாள்.

அவர் தலையைக் குனிந்தபடி கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நீங்க புள்ளி வெச்சிட்டீங்களேக்கா. நீங்க வெச்சா அது சரியாத்தான் இருக்கும். என் கைதான் எங்கியோ பிசகிடுச்சு."

அவர் கோபித்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். காதும் காதும் வைத்த மாதிரி தானே ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்துவிடலாம் என்று ஒரு கணக்கு அதுவரை மனசில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஊதுகிற இடத்தில் ஒருத்தர், திரையைப் பார்க்க ஒருத்தர் என்று இரண்டு பேர் வேண்டும். அதைவிட, இந்த மொட்டைத்தலைத் தம்பியின் குனிந்த கழுத்தைப் பார்த்த பிறகு அந்தக் கணக்கு அவளுக்கே அசிங்கமாகப் பட்டது.

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். எடுத்த எடுப்பில் அழுதுவிட்டுத்தான் சொன்னாள்.

அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அவரைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை. பிறகு, "அப்ப ரெண்டு வருஷமா நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினியே?" என்றார்.

"பாதி கேக்கலைங்க."

"அட! நான் பேசறதெல்லாம் சரியா இருக்குதாக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்."

அழுதுகொண்டே சிரித்தாள். அவர் நாற்காலியை இழுத்து அவளுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவளிடம் பேச வேண்டியதையெல்லாம் அவள் முகத்துக்கு நேராகத்தான் பேசினார்.

"வேலை போயிடும்ங்க. காது இல்லாத பாம்பக்காவை வெச்சுக்கிட்டு என்ன செய்வாங்க? எனக்கு வேற என்ன தெரியும்?"

"போகட்டும். அந்த வெல்டருக்கு நாளைக்குக் காலையில யாரு பதில் சொல்றது?"

செவ்வாய்க்கிழமை காலை கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். "வெல்டர் மேல தப்பில்ல. எனக்குக் காது போயிடுச்சு டாக்டர். அந்தக் கீச்சு எனக்குக் கேக்கறதே இல்ல. எனக்கே ஞாயித்துக்கிழமைதான் தெரியும். தெரிஞ்சும் நேத்து வாய் திறக்கல. நூத்திப்பன்னெண்டு புள்ளியையும் அழிச்சிடுங்க."

அறையில் யாரும் மூச்சுவிடவில்லை. விட்டிருந்தாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. டாக்டரின் உதடு அசைந்தது; என்ன சொன்னார் என்று தெரியவில்லை. அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும், எழுந்து வந்து அவளுக்கு எதிரே நின்று நிதானமாகச் சொன்னார்.

"ஒருத்தனை மட்டும் நம்பக் கூடாது, பக்கத்துல ஆள் வெச்சுத் திருத்தணும்னு நாலு வருஷமா ஊரெல்லாம் போய்ப் பேசறேன். இங்க நூத்திப்பன்னெண்டு இணைப்புக்கும் உங்க ஒரு காதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கேன். என்னைச் செருப்பால அடிக்கணும்க்கா."

"அய்யய்யோ, விடுங்க டாக்டர்."

"யாராவது அக்கா கூட நின்னு திரையைப் பார்க்கணும்."

"நான் பார்க்கறேன்," என்றார் வெல்டர். அன்றைக்கு அவருடைய ஒதுக்கீட்டில் இரண்டு வார்த்தை போயிற்று.

திறக்கும் அளவுக்கு இயந்திரம் சூடேறி வர இரண்டு நாள் ஆனது. வியாழக்கிழமை பாம்பக்கா பழையபடி தட்டுகளுக்கு நடுவே தலையை நுழைத்தாள். ஹெட்போன் இல்லை. வெல்டர் பின்னால் நின்று, கண்ணைத் திரையிலும் கையை அவள் தோளிலும் வைத்துக்கொண்டார். அவள் ஊதுவாள், காத்திருப்பாள். அவர் தோளில் ஒரு தடவை தட்டினால் சரி, அடுத்தது. அவள் பச்சைப் புள்ளி வைப்பாள். பக்கத்தில் அவர் நீலப் புள்ளி வைப்பார். ஒரு காலத்தில் மூன்று மணி நேரத்தில் முடித்த வேலை, இப்போது சாப்பாட்டு நேரத்தையும் தாண்டிப் போனது. எண்பத்தேழாவது இணைப்பில் ஊதியபோது தோளில் தட்டு விழவில்லை. விரல்கள் இறுகப் பிடித்தன.

அது பற்றவைத்த இணைப்பே இல்லை. மெத்தென்ற உலோகக் கம்பியை வளையமாக வைத்து, இரண்டு பக்கமும் நசுக்கி மூடுகிற இணைப்பு. திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். நசுங்கிய உலோகத்துக்குக் குறுக்கே ஒரு தலைமுடி. நரைத்த முடி.

"என்னுது இல்லன்னு மட்டும் சத்தியம் பண்ணுவேன்," என்று வெல்டர் தன் தலையைத் தடவிக்கொண்டார்.

டாக்டர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். பாம்பக்கா தன் நரைத்த கொண்டையை அவிழ்த்து இன்னும் இறுக்கமாக முடிந்துகொண்டாள்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கையில் சில்லு முழுக்கக் குளிர்ந்து வேலை செய்தது. முதலில் ஒன்பது; பிறகு இருபத்தைந்து; பிழை ஏறக்குறைய பாதியானது. அப்புறம் நாற்பத்தொன்பது. திரையில் கோடு ஏறுமா இறங்குமா என்று எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். பாம்பக்கா கடைசி வரிசையில் நின்றதால் அவளுக்கு முன்னால் முதுகுகள்தான் தெரிந்தன. திடீரென்று அத்தனை முதுகும் குதித்தன. டாக்டர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவளிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"மறுபடியும் பாதி அக்கா. ஆள் கூடக் கூடத் தப்பு குறையுது."

பக்கத்துக் குழுத் தலைவர் வந்து கைகொடுத்தார். பாம்பு சாகாத பழமொழியை அவர் எடுக்கவில்லை. அடுத்த இயந்திரத்துக்கு முந்நூறு இணைப்பு என்றும், பச்சை மார்க்கர் இரண்டு பெட்டி வாங்கச் சொல்லியிருப்பதாகவும் டாக்டர் சொன்னார். அவள் அதை இரண்டு தடவை சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டாள்.

காதுக் கருவி அடுத்த வாரம்தான் வந்தது. காலையில் அதை மாட்டிக்கொண்டு, முதல் வேலையாக ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அது கீச்சிட்டது. எத்தனை அழகான எரிச்சல்! கேட்டுக்கொண்டே நின்றாள். வாசல் பக்கம் கணவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இவளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து ஷூவைக் கட்டிக்கொண்டு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரித் தணிந்த குரலில், "போயிட்டு வரேம்மா. நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலைன்னு பட்டினி கிடக்காத," என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் கதவைத் திறந்தார்.

பாம்பக்கா வாசலுக்கு ஓடினாள். "இப்ப என்ன சொன்னீங்க?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஒண்ணுமில்லையே. தினம் சொல்றதுதான்."

"தினமுமா?"

"ஆமா. ஏன்?"

இரண்டு வருஷம். எத்தனை காலை என்று மனசு தானாகக் கணக்குப் போடப் பார்த்தது, விட்டுவிட்டாள்.

"இன்னொரு தடவை சொல்லிட்டுப் போங்க," என்றாள்.

அன்று பள்ளிக்கூடப் பேருந்து நாலு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது.