துரை நின்ற இடங்கள்

எனக்கு இப்ப எழுபத்தெட்டு வயது. வளர்த்தது ஆறு பேரை. ஐந்து பிள்ளைகள், ஒரு நாய். நாயை ஏன் கணக்கில் சேர்க்கிறியள் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. மற்ற ஐந்து பேருக்கும் பட்ட பாட்டை அந்த ஒருவனுக்கும் பட்டனான்.

போன கிழமை கடைக்குட்டி யசிந்தா கொழும்பிலிருந்து வந்தவள். பத்தொன்பது வயதில் ஒரு காய்ச்சலோடு கண் பார்வை போன பிள்ளை. அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது புது நாய், நல்ல கறுப்பு. மழை விட்ட நேரம். நனைந்த நாய் மயிரின் மணம் குசினி வரைக்கும் வந்தது. நான் வளர்த்த அந்தத் துரைதான் வந்து நிற்கிறான் என்று ஒரு கணம் நினைத்திட்டன். அகப்பையை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தனான்.

கண் போன பிறகு யசிந்தாவுக்கு இங்கே துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரில் டெலிபோன் எடுக்கிற வேலை கிடைத்திருந்தது. லிங்கநகரிலிருந்து காலையில் கொண்டுபோய் விட்டு, பின்னேரம் கூட்டி வருவேன். என்ர இடது தோளில் அவளின் கை. என்னுடைய சட்டையெல்லாம் இடப்பக்கத் தோளில்தான் முதலில் நைந்தது. பிறகு எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கினது. ஏலாது என்று என் வாயால் சொல்லிப் பழக்கமில்லை. களைக்கிற இடத்தில் செருப்பு வாரைச் சரிப்படுத்துவேன். முஸ்லிம் நானா ஒருவரின் கடை வாசலில் நின்று கருவாட்டு விலை கேட்பேன், வாங்க மாட்டேன். மதகடியில், "மான் ஒண்டு குறுக்கால நிக்குது, பொறு பிள்ளை" என்பேன். எங்கள் ஊர் றோட்டில் மான் நிற்பது புதினமில்லைத்தானே. ஆனால் மதகடியில் மான் நிற்காது.

கண் தெரியாதவர்களுக்கு நாய் பழக்குகிற மாஸ்டர் ஒருவர் குட்டியோடு வந்தது அந்த நாளில்தான். வளர்ந்து வரும்வரை நீங்கள் றோட்டையும் சனத்தையும் பழக்குங்கோ, மிச்சத்தை நான் பார்க்கிறேன், சரிவந்தால் பிள்ளைக்குத்தான் என்றார். சரிவராவிட்டால் திருப்பிக் கொண்டுபோய்விடுவார். மண் நிறக் குட்டி. மூக்கை உயர்த்திக்கொண்டு இருக்கிற இருப்பைப் பார்த்து நான்தான் துரை என்று பெயர் வைத்தனான்.

யசிந்தாவை வேலைக்கு விடப் போகும்போது அவனையும் கூட்டிப்போவேன். முதல் கொஞ்ச மாதம் ஞானி மாதிரி இருந்தான். பிறகு பெடியன் வயது வந்தது. கூப்பிட்டால் காது கேளாது. என்ர இரண்டாவது மகன் பதினைந்து வயதில் பார்த்த அதே பார்வை. ஒரு நாள் பஸ் ஸ்ராண்டடியில் உண்மையான மான்களைக் கண்டு பாய்ந்தான். சங்கிலி என் கையில், நான் றோட்டில், கண்ணாடி வாய்க்காலில். சிரியாதை மோனே, எழுது. தூக்கிவிட்ட கடைக்கார நானா கேட்டார்: "ஏன் அக்கா, நீங்க துரையக் கூட்டிப் போறீங்களா, துரை உங்களக் கூட்டிப் போறாரா?"

அடுத்த நாளிலிருந்து மான் படுத்திருக்கிற இடத்துக்கே கொண்டுபோனேன். சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு ஓரக்கல்லில் இருப்பேன். அவன் நடுங்குவான், முனகுவான், மண்ணைக் கிண்டுவான். நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். கன நாள் போய் ஒரு பின்னேரம், மானைப் பார்த்துக் கொட்டாவி விட்டு, தலையை என் காலில் வைத்தான். அன்றைக்கு அவனுக்கு ஒரு பிடி குழைச்ச சோறு கூட.

மாஸ்டர் திரும்ப வந்து தானும் சில மாதம் பழக்கினார். பிறகு ஒரு நாள் பிடி வைத்த வாரை அவன் முதுகில் கட்டி, பிடியை யசிந்தாவின் கையில் கொடுத்தார். நான் பின்னால் போனேன். மான்களைத் துரை திரும்பியும் பார்க்கவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்தது. அப்போது நின்றான், நானா கடை வாசலில். பிறகு நான் செருப்பு வார் சரிசெய்கிற இடத்தில். பிறகு மதகடியில்.

மாஸ்டரின் முகம் மாறினது. காரணமில்லாமல் நிற்கிற நாயைக் கொடுக்க ஏலாது என்றார்.

யசிந்தா மதகடியில் அப்படியே நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இதில ஒரு நாளும் மான் நிக்கேல்ல, என்ன அம்மா? நீங்கள்தான் களைச்சு நிண்டனீங்கள்."

நான் குனிந்து செருப்பு வாரைச் சரிப்படுத்தினேன். அவள் மாஸ்டரிடம், "ஒரு மாதம் பொறுங்கோ. இனி அம்மா எங்களோட வரமாட்டா" என்றாள்.

ஒரு மாதம் நான் வீட்டு வாசல் படலையோடு நின்றுகொண்டேன். நான் நின்ற இடங்களை அவன் ஒவ்வொன்றாய் மறந்தான். மதகடியில் மட்டும் கொஞ்சம் மெதுவாவான். மாஸ்டர் அதைக் கண்டும் காணாத மாதிரி விட்டார். அதோடு என் தோளும் சும்மாவானது. பிறகு அவளுக்குக் கொழும்பில் நல்ல வேலை. துரையும் போனான். அங்கேயே கிழவனாகி, அங்கேயே செத்தான். கடைசியாக அவனைப் பார்க்க எனக்குப் போக ஏலாமல் போச்சு.

இந்த முறை அவர்களோடு றோட்டுக்கு இறங்கினேன். நானாவும் இல்லை, கடையும் இல்லை. மதகை மூடி அகல றோட்டுப் போட்டாச்சு. கறுப்பு நாய் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அது வளர்ந்தது வேறு ஊர், வேறு ஆளின் கை. மதகு இருந்த இடத்தில் நான் மட்டும் நின்றேன். கொஞ்சத் தூரம் போனவள், பின்னால் என் செருப்புச் சத்தம் இல்லாததைக் கவனித்து நின்றாள்.

"மான் நிக்குதோ அம்மா?"

"ஓம் பிள்ளை, நிக்குது" என்றேன்.

சரி மோனே, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினது இவ்வளவும் காணும். கொப்பியைத் திருப்பி முதலில் இருந்து ஒருக்கா வாசி, கேட்பம். மதகடி வாற இடத்தில் மட்டும் அவசரப்படாதை.