தரையில் பதித்த சுவர் டைல்ஸ்

அப்போது நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் பொம்மைக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் நானும் அப்பாவும்தான். பட்டறையில் கழித்துப் போட்ட டைல்ஸைக் கேட்டு வாங்கிவந்து கூடம் முழுக்கப் பதித்தேன். சுவரில் ஒட்டுகிற வழவழ டைல்ஸ். "தரைக்கு ஆவாதும்மா" என்று கொத்தனார் தலைபாடாக அடித்துக்கொண்டார். முகம் தெரிகிற தரை இந்தத் தெருவில் யார் வீட்டில் இருக்கிறது என்று சொல்லி நான்தான் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

முதல் வாரமே அப்பா விழுந்தார். வயசாகிவிட்டது என்று அவருடைய சைக்கிளைப் பூட்டினேன். மறுபடி விழுந்தார். காலை நடையை நிறுத்தினேன். மிச்சமிருந்தது டீக்கடை மட்டும்தான். இன்னொரு தடவை விழுந்தால் பெண்ணாடத்து அண்ணன் தன் வீட்டுக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு. அங்கே மாடி வீடு. வெளியே விடவே மாட்டார்கள்.

அதற்குப் பிறகு அப்பா விழவே இல்லை. உட்கார்ந்தார்.

"இன்னாப்பா நடுக்கூடத்துல?"

"சும்மா உக்காந்தேன். ஜில்லுனு இருக்குது."

கையோடு ஒரு பேப்பர் வைத்திருப்பார். விழுந்ததும் விரித்துப் படிக்க ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் மோர் வாங்க வந்த பக்கத்து வீட்டம்மா, அவர் நிஜமாகவே உட்கார்ந்திருப்பதாக நினைத்து, தானும் எதிரே உட்கார்ந்து மருமகள் கதையை அரை மணி நேரம் சொன்னார். அப்பாவுக்கோ இடுப்பில் உயிர் போகிற வலி. அப்பா "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கிளம்பும்போது அப்பாவால் எழ முடியாததைப் பார்த்த அந்தம்மா அதை ஊரெல்லாம் சொல்லி, அடுத்த ஞாயிறே அண்ணன் வந்து நின்றார்.

"கெளம்புங்கப்பா. இனிமே ஒங்களால தனியா நடமாட முடியாது" என்று சொல்லிக்கொண்டே இரண்டு எட்டு வைத்தார். தடாரென்று மல்லாந்தார். வேட்டி ஒரு பக்கம், பை ஒரு பக்கம்.

"ஐயோ, எந்த மடையன் இந்தத் தரையப் போட்டான்? மனுசன் நடப்பானா இதுல?"

சாயங்காலத்துக்குள் கொத்தனார் வந்து மொத்தத்தையும் பெயர்த்துவிட்டார். அப்பா இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி அண்ணன் பஸ் ஏறினார்.

அப்பா உடைந்த சில்லுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வுழுந்தப்போ யாரும் தரையப் பாக்கலியேம்மா" என்றார்.