லவுஞ்சில் காத்திருந்த சுப்பம்மா

இலங்கையின் றக்வானையில் பஸ்ஸை விட்டு இறங்கி, இன்னும் ஒரு மணி நேரம் மலை ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டம் அது. அங்கே சுப்பம்மாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள். முப்பத்தெட்டு வருசத்தில் ஒரு நாள்கூடப் பெரட்டுக்குப் பிந்திப் போனதில்லை, ஒரு நாள்கூடக் கங்காணி சொல்லாமல் மலையை விட்டு இறங்கினதில்லை. பெரட்டு என்றால் விடியக்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் போடுகிற இடம். அங்கே பேர் விழுந்துவிட்டால் சாயங்காலம் வரைக்கும் உடம்பு தோட்டத்துக்குச் சொந்தம். கொழுந்து நிறுத்து முடிந்து, கங்காணி வாயைத் திறந்து "சரி, போங்க" என்று சொன்ன பிறகுதான் குடியிருக்கிற லயத்துப் பக்கம் கால் திரும்பலாம்.

அதைக் கேட்டு வாங்குகிற பழக்கமும் கிடையாது. "போகட்டுமாங்க?" என்று வாய்விட்டுக் கேட்டால் வேலை செய்ய உடம்பு வலிக்கிறவள் என்று பேராகிவிடும். கங்காணி கண்ணில் படுகிற மாதிரி மூன்று எட்டு தள்ளி, பேசாமல் நிற்க வேண்டும். அவருக்கு மனசிருந்தால் சொல்வார். மற்றப் பொம்பளைகள் இதற்கெல்லாம் ஆயிரம் சாக்கு வைத்திருந்தார்கள். தலைவலி என்பாள் ஒருத்தி, மாமியாருக்கு முடியல என்பாள் இன்னொருத்தி. சுப்பம்மாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கடைசி வரைக்கும் வரவில்லை.

மகன் சசி கைப்பிள்ளையாக இருந்தபோது வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது என்று மலைக்கு ஆள் வந்து சொன்னது. கங்காணியோ அடுத்த மலைக்குப் போயிருந்தார். சுப்பம்மா கூடையைக் கீழே இறக்காமல், ரோட்டோரமாக, கண்ணீர் ஓட ஓட, அவர் திரும்பி வரும்வரை நின்றாள். அப்படி என்ன பயம் என்று கேட்கிறவர்கள் அந்த மலையில் ஒரு நாள் நின்று பார்க்கட்டும். பிள்ளை எப்படியோ பிழைத்துக்கொண்டான். "பொம்பளைன்னா சுப்பம்மா மாதிரி ஒழுங்கா இருக்கணும்" என்று கங்காணி ஊர் பூராவும் சொன்னார். அந்தப் பாராட்டு நாசமாய்ப் போக. அதைத்தான் அவள் நல்லபடி நடந்ததுக்கு அடையாளம் என்று நெஞ்சில் வைத்துக்கொண்டாள், பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிச் சொல்லி வளர்த்தாள்.

சசி படித்து, கொழும்பில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலைக்குப் போனான். மகள் கோகிலா துபாய்க்கு வீட்டு வேலைக்குப் போனாள். போய் ஆறு வருசம். போன புரட்டாசியில் அங்கிருந்து போன் வந்தது. அந்த வீட்டுச் சமையலறையிலேயே மயங்கி விழுந்துவிட்டாளாம். வயிற்றில் கட்டி. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆப்பரேசன்.

"அம்மா, என்னைய உள்ள கொண்டுபோறதுக்கு முந்தி உங்க மொகத்த ஒரு தரம் பாத்துக்கிறேன். வேற ஒண்ணும் வேணாம்" என்றாள் கோகிலா.

சசி சும்மா இருக்கவில்லை. அவனிடம் ஒரு பயணக் கார்டு இருந்தது. பெட்ரோல் அடித்தாலும் மருந்து வாங்கினாலும் அதில் புள்ளி சேரும். சேர்ந்த புள்ளிக்கு விமான டிக்கெட் எடுக்கலாம், ஏர்போட்டில் பெரிய ஆட்கள் உட்காருகிற லவுஞ்சுக்குள் சும்மாவே போய் உட்காரலாம், சாப்பிடலாம். அம்மாவைப் பழனிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று முந்தின வருசமே அவளுக்குப் பாஸ்போர்ட்டும், அவள் பேரில் ஒரு துணைக் கார்டும் எடுத்து வைத்திருந்தான். பழனிப் பயணம்தான் கைகூடவில்லை. இப்போது அந்தப் புள்ளிகளைக் கொடுத்துப் புதன்கிழமை மத்தியானம் ஒன்று பத்து விமானத்தில் அம்மாவுக்கு இடம் எடுத்தான். அவனுடைய பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடந்தது, கூடப் போக வழியில்லை.

பிந்திவிடுமோ என்கிற பயத்தில் காலை ஒன்பது மணிக்கே அம்மாவை ஏர்போட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். தமிழ் தெரிந்த ஒரு சிப்பந்தியைப் பிடித்து, லவுஞ்சு வாசல் வரை அம்மாவைக் கொண்டுபோய் விடச் சொன்னான்.

"நாலு மணி நேரம் கட்டை பெஞ்சுல உக்காந்தா உங்க இடுப்பு தாங்காதும்மா. உள்ள போயி இந்தக் கார்டக் காட்டுங்க. நல்லா சாப்புடுங்க, சாஞ்சு உக்காருங்க. நேரம் வந்தா கூப்புடுவாங்க" என்றான்.

கூப்பிடுவார்கள் என்று அவனுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. கார்டு வைத்திருந்தானே தவிர, அவனும் அந்த லவுஞ்சின் வாசலை மிதித்தவன் இல்லை. அம்மா ஒரு நாளாவது மெத்தை நாற்காலியில் உட்காரட்டும் என்கிற ஆசை மட்டும்தான் அவனுக்கு.

வாசலில் மேசைக்குப் பின்னால் ஒரு சிங்களப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. கார்டை வாங்கி மெசினில் இழுத்தது, பேரைச் சத்தமாகப் படித்தது, ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னது. சுப்பம்மாவுக்கு நிம்மதியாகிவிட்டது. புரியாத ஊரில் புரிந்த ஒரே காரியம் இது. பேர் விழுந்துவிட்டது. அப்படியானால் இந்தப் பிள்ளைதான் இங்கே கங்காணி.

"வாடிவென்ன அம்மே" என்று அது உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். சாப்பாடு வரிசையாக மூடி வைத்திருந்தது. யாரும் எடுத்துக் கொடுக்காததால் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு இரண்டு துண்டு பாண் ரொட்டியும் பால் விடாத ஒரு பிளேன்டியும் எடுத்துக்கொண்டாள். குடித்த கோப்பையைக் கழிவறைக் குழாயில் கழுவி, மேசையில் கவிழ்த்து வைத்தாள். துடைக்க வந்தவன் சிரித்தான். சிரிக்கட்டும், எச்சில் கோப்பையை அடுத்தவன் எடுக்க விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. வேலை நேரத்தில் போன் பேசக்கூடாது என்று அதையும் அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே அறிவிப்பு எதுவும் செய்வதில்லை என்று வாசலில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தது. படிக்கத் தெரிந்தவர்களே அதைப் படிக்கிறதில்லை. வெளியே ஒலிபெருக்கியில் அவள் பேரை மூன்று தரம் கூப்பிட்டார்களாம். அந்தக் கண்ணாடிக் கதவைத் தாண்டி ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை.

பன்னிரண்டு மணி ஆனது. பன்னிரண்டரையும் ஆனது. சுவரில் கடிகாரம் இருந்தது, மணி பார்க்கத் தெரியாதவள் இல்லை சுப்பம்மா. சுற்றி இருந்தவர்கள் தாங்களாகவே எழுந்து எழுந்து போனார்கள். அவர்கள் பெரிய ஆட்கள், அவர்களை யார் கேட்பது என்று நினைத்துக்கொண்டாள். கடைசியில் தாங்காமல் எழுந்து போய், அந்தப் பிள்ளையின் மேசைக்கு மூன்று எட்டு தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போனில் பேசிக்கொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. சுப்பம்மாவும் சிரித்தாள். பார்த்துவிட்டது, இனிச் சொல்லும் என்று திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள். அட பாவி மனுசி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? சிங்களம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுகிறவள்.

ஒன்று பத்துக்குப் பக்கமாக, இரத்தினபுரியில் இருந்து மக்காவுக்கு உம்றா யாத்திரை போகிற பஸீஹா என்கிற அம்மா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தா. "நீங்க எந்தப் பக்கம் போறீங்க?" என்று கேட்டு, சுப்பம்மா நீட்டிய போர்டிங் பாஸை வாங்கிப் பார்த்ததும் எழும்பியே விட்டா.

"அல்லாஹ்வே! ஒங்கட ஃப்ளைட் போற நேரமாச்சே! ஏன் இன்னும் இங்க இருக்கீங்க? வாங்க, ஓடி வாங்க!"

அப்போதும் சுப்பம்மா அந்த மேசையைத்தான் திரும்பிப் பார்த்தாள். பஸீஹா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனா. இரண்டு பேரும் ஓடினார்கள். செருப்பு அறுந்தது, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள் சுப்பம்மா. கேட்டை அடைத்துவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நகர்ந்துகொண்டிருந்தது.

கேட்டில் நின்ற உத்தியோகத்தர் நல்ல மனுசன். ஏன் அம்மா வரவில்லை, எவ்வளவு நேரம் கூப்பிட்டோம் என்று சிங்களத்தில் கேட்டார். சுப்பம்மா மூச்சு வாங்க வாங்க அவர் பாசையிலேயே சொன்னாள்.

"கவுருத் யன்ன கிவ்வே நே, மாத்தயா." யாரும் போகச் சொல்லலைங்க.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, சசிக்குப் போன் போட்டுக் கொடுத்தார். சசி போனிலேயே ஓவென்று அழுதான். "நான்தாம்மா, நான்தான் கெடுத்தேன். கூப்புடுவாங்கன்னு நான்தானே சொன்னேன்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

அடுத்த இடம் வியாழன் காலையில்தான் கிடைத்தது. துபாயில் அவளைக் கூட்டிப்போக வந்தவள் கலைச்செல்வி, கோகிலாவின் சிநேகிதி, பலாங்கொடைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆப்பரேசன் முடிந்து ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது. கோகிலா மயக்கத்தில் கிடந்தாள்.

கலைச்செல்வி நடையில் ஓரமாகக் கூப்பிட்டு, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "அம்மா, வயித்தத் தொறந்து பாத்துட்டு அப்படியே மூடிட்டாங்களாம். எல்லா எடத்துக்கும் பரவிருச்சாம். அஞ்சாறு மாசத்துக்கு முந்தியே வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

சுப்பம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். ஒரு பொட்டுக் கண்ணீர் வரவில்லை. ஒரு நாள் பிந்தி வந்த குற்றமே நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது, அதற்கு மேல் இதைப் போட எங்கே இடம்?

மறுநாள் சாயங்காலம் கோகிலா கண்ணைத் திறந்து பார்த்தாள். எலும்பும் தோலுமாகக் கிடந்தவள் அம்மாவைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தாள்.

"வந்துட்டீங்களாம்மா... உள்ள கொண்டுபோற வரைக்கும் வாசலயே பாத்துக்கிட்டு இருந்தேன்."

விமானம் பிந்திவிட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சுப்பம்மாவுக்கு அது வாயில் வரவில்லை.

"தம்பி குடுத்த கார்டக் காட்டி உள்ள போனேன்டி. பேரப் போட்டாங்க. ஒக்கார வச்சாங்க. யாராச்சும் போன்னு சொல்லுவாங்கன்னு ஒக்காந்துட்டேன். யாரும் சொல்லல. பிளேன் போயிருச்சு. ஒன்னப் பாக்க வந்தவ பாண் தின்னுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்டி, பாவி."

கோகிலா கோபப்படுவாள் என்று காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவளோ முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நானும் அப்படித்தாம்மா செஞ்சேன்" என்றாள். "பொங்கலுக்கு முந்தியே வலி வந்திருச்சு. மேடம் கண்ணுல படுற மாதிரி வயித்தப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போன்னு அவங்களே சொல்லட்டும்னு. அவங்க கெட்டவங்க இல்லம்மா. கேட்டிருந்தா விட்டிருப்பாங்க. நான் கேக்கல."

சுப்பம்மாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மகளின் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல், உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். இதை இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவள் யார் என்று அவளுக்குத் தெரியும். கோகிலா மற்றக் கையால் அம்மாவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

எட்டு மணிக்கு மலையாளத்து நர்ஸ் வந்து விளக்கைக் குறைத்தாள். "அம்மே, டைம் கழிஞ்ஞு. இனி போகணும்" என்றாள். கலைச்செல்வி பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். நர்ஸ் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வெளியே கையைக் காட்டி இன்னொரு தரமும் சொன்னாள்.

சுப்பம்மா மகளின் கையை விடவில்லை.

"நான் போகமாட்டேங்க" என்றாள்.