வலப்பக்கத்து ஓரம்

பட்டறையில் அவளை எல்லோரும் நொட்டாங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருந்தது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள். இடது கையால் எழுதினாள் என்று பள்ளிக்கூடத்தில் அடி. இடது கையால் பரிமாறினாள் என்று அக்கா வீட்டில் முறைப்பு. வந்த ஒரே வரனும், இடது கையால் தம்ளரை நீட்டினதால் போயிற்றென்று அக்கா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த வரன் வேறு எதற்காவது போயிருக்கும். பழியைப் போட ஓர் இடம் வேண்டும், கை வாகாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கைக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் இந்தத் தோல் பட்டறை. தடித்த தோலை மெஷினில் கொடுத்தால் ஊசி முறியும். அதனால் பையின் முன்தோலையும் பின்தோலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரம் நெடுக ஓட்டை போட்டு, மெல்லிய தோல் வாரை ஓட்டைக்கு ஓட்டை நுழைத்துச் சுற்றிக் கட்டவேண்டும். வலக்கைக்காரர் சுற்றினால் வார் ஒரு பக்கம் சாயும், இடக்கைக்காரர் சுற்றினால் மறுபக்கம் சாயும். ஒரே ஆள் முழுப்பையையும் பின்னினால் ஒரு ஓரம் மேலே ஏறுகிற மாதிரியும் மறு ஓரம் கீழே இறங்குகிற மாதிரியும் இருக்கும். என்னமோ கோணலாக இருக்கிறதே என்று வாங்க வந்தவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்கள். ஆகவே முதலாளி ஒரு பைக்கு இரண்டு பேரை உட்கார வைத்தார். இடது ஓரம் அவள். வலது ஓரம், கூட வேலை பார்த்த வலக்கைக்காரர் அவர்.

அவர் அவளைவிடக் கொஞ்சம் மூத்தவர். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம், ஒரே மகள் வெளியூரில். நடுவே ஒரு தாழ்ந்த பலகை, அதன்மேல் பை, இந்தப் பக்கம் ஒரு முக்காலி, அந்தப் பக்கம் ஒரு முக்காலி. கைப்பிடி அருகே ஆளுக்கொரு முனையில் தொடங்கி, இருவரும் ஓரத்தோடு இறங்கிப் பையின் அடியில் வந்து சேருவார்கள். நடுவிலுள்ள கடைசி ஓட்டை இருவருக்கும் பொது. இரண்டு வாரும் அதில் நுழைந்து, இரண்டு தோலுக்கும் நடுவே மறைந்துகொள்ளும். முடிச்சு கிடையாது. அடிப்பக்கம் நெருங்க நெருங்க இருவரும் ஒரே பக்கமாகத் திரும்பி உட்காரவேண்டி வரும். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்கு நாளிலேயே பிடித்த நேரம்.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்பது மட்டும் கடைசிவரை தீராத வழக்கு. அண்ணே என்றால் கதவைச் சாத்தின மாதிரி. என்னங்க என்றால் கதவைத் திறந்துகொண்டு உள்ளேயே போன மாதிரி, அதற்கு அவளுக்கு ஏது உரிமை? எனவே "இங்க பாருங்க" என்பாள். அவர் பார்ப்பார். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன.

வீட்டுக்குப் போனால் பூட்டுதான் வா என்று சொல்லும். மாடியில் ஒற்றை அறை. சமையல் மேடைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். அதைச் சரிசெய்ய ஆள் கூப்பிடவில்லை. ஏதோ ஒரு சத்தமாவது துணைக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். சிரிப்பவர்கள் சிரிக்கலாம், தனியாக இருந்து பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

அவருக்குக் கண் மங்க ஆரம்பித்தது. மகள் தன்னோடு அழைத்துப்போக வருவதாக ஏற்பாடாயிற்று. புறப்படும் நாளன்று காலையில் முதலாளி ஒரு பெரிய பயணப் பையைப் பலகைமேல் வைத்து, "இந்த ஒன்ன மட்டும் ரெண்டு பேருமா முடிச்சுக் குடுத்துருங்க" என்றார்.

அவளுக்குச் சொல்வதற்கு மனசு முழுக்க இருந்தது. வாய்க்கு வந்தது எதுவும் சரியாக இல்லை. நீங்கள் போய்விட்டால் எனக்கு யாரும் இல்லை என்பதை எந்த முகத்தோடு சொல்வது? அப்போதுதான் அவர் கை வழுக்கிற்று. கைப்பிடிக்குக் கொஞ்சம் கீழே, முன்தோலில் ஓர் ஓட்டையைத் தாண்டி அடுத்ததில் வாரை நுழைத்துவிட்டார். அவர் கவனிக்கவில்லை. அவள் பார்த்துவிட்டாள்.

சொல்லியிருந்தால் ஒரே ஒரு சுற்றை உருவினால் போதும். சொல்லாவிட்டால் முன்னும் பின்னும் ஓட்டைகள் ஜோடி சேராமலே போய், அடியில் ஓர் ஓட்டை அநாதையாக நிற்கும். அந்த ஓரம் முழுவதையும் பிரித்துப் பின்னவேண்டும். இன்றைக்கு முடியாது. நாளைக்கும் அவர் வரவேண்டியிருக்கும். முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். அவளுக்கு அன்று அந்தக் கோணல்தான் வேண்டியிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு நாள் கூடக் கிடைத்துவிட்ட தெம்பில் அன்று அவள்தான் அதிகம் பேசினாள். குழாய் சொட்டுவதைக்கூடச் சொன்னாள்.

"வாஷர் தேஞ்சிருக்கும். முன்னாடியே சொல்லியிருந்தா வந்து மாத்திக் குடுத்திருப்பேனே" என்றார் அவர்.

"நீங்க வர்றதா இருந்தா இன்னும் ரெண்டு குழாயை ஒடைச்சு வச்சிருப்பேன்."

அவர் வாரை விட்டுவிட்டுச் சிரித்தார். அவ்வளவு பெரிதாகச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

சாயங்காலம் மகள் வாடகை வண்டியோடு வாசலில் வந்து நின்றாள். அடிப்பக்கம் இரண்டு வாரும் நெருங்கின. அவர் பக்கத்தில் பின்தோலில் ஓர் ஓட்டை மிச்சம் நின்றது. அவர் கட்டைவிரலை ஓரத்தில் வைத்து மேலே மேலே தடவிக்கொண்டே போனார். கைப்பிடிக்குக் கீழே விரல் நின்றது.

"இங்க ஒன்னு தாண்டிட்டேன்."

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. அந்த முகத்தை அவள் கணக்கில் எடுத்திருக்கவே இல்லை. ஒரு நாள் கூடக் கிடைக்கும் என்பதைத் தவிர வேறு எதையும் அவள் யோசித்திருக்கவில்லை.

"கண்ணு போனாலும் கை இருக்குன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். "கையும் போச்சு போல."

"நாளைக்கு வந்து..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"அப்பா, ரயிலுக்கு நேரமாச்சுப்பா" என்றாள் மகள்.

"நீங்க கெளம்புங்க, அவ பிரிச்சுப் பின்னிக்குவா" என்றார் முதலாளி.

அவர் எழுந்தார். "கடைசி நாள்ல உனக்கு ரெட்டை வேலை வச்சுட்டேன். மனசுல வச்சுக்காதம்மா" என்றார். "நீங்கள் தாண்டினதை நான் அப்போதே பார்த்தேன், வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, உங்கள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று ஒரே ஒரு வாக்கியம் அவள் சொல்லவேண்டியிருந்தது. அதைச் சொன்னால் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே. அந்தக் கேள்விக்குப் பயந்து நின்றாள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டபிறகுதான் வாசலுக்கு ஓடி, "இங்க பாருங்க!" என்று கத்தினாள். தெருவில் போன நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். வண்டி முனை திரும்பிவிட்டது.

மறுநாள் காலையில் வலது ஓரத்தை அவளே பிரித்தாள். அவர் கை இழுத்து இறுக்கிய சுற்றுகள் லேசில் விடவில்லை. குத்தூசியை விட்டு நெம்பி, ஒவ்வொன்றாக உருவினாள். பழைய வாரில் ஒவ்வொரு சுற்றின் மடிப்பும் அப்படியே பதிந்திருந்தது. அதை மறுபடி போடமுடியாது, புது வார்தான் போடவேண்டும்.

அவருடைய சாய்வு வரவேண்டுமானால் உள்ளிருந்து வெளியே குத்தவேண்டும். கை பழகவில்லை. பலகையைச் சுற்றிப் போய் அவர் முக்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். ஓட்டை தெரியவில்லை. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தும் தெரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது, ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் தலையின் நிழல் வலது ஓரம் முழுவதையும் மூடியிருந்தது. எதிரே, அவள் பின்னும் ஓரத்தில் வெயில் பளிச்சென்று விழுந்துகொண்டிருந்தது. அவள் வேலைக்குச் சேருமுன்பே இந்தப் பட்டறையில் இருந்தவர் அவர். பையைத் தலைமாற்றி வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம்.

பையைக் கட்டிக்கொண்டு அவள் வாய்விட்டு அழுதாள். முதலாளி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

"என்ன, ஊசி குத்திருச்சா?"

"ஆமா" என்றாள்.