செருப்பு கிடந்த வாசல்

தெற்கு ஸ்பெயினில் ஒரு கிழமை விடுமுறை முடித்து இன்று காலை ஜேர்மனியில் டுசல்டோர்ஃப் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கதவில் அடுக்குமாடி நிர்வாகத்தின் கடிதம் ஒட்டியிருந்தது. வாசலில் செருப்பு வைக்கக்கூடாதாம். இது மூன்றாவது கடிதம்.

வழமையாக இதற்காகத் தன் அம்மாவோடு கத்துகிற கணவர் இன்று சிரித்தார். காரணம், முந்தநாள் அங்கே நடந்தது.

மலைச்சரிவு முழுக்க வெள்ளை வீடுகள். எல்லாச் சுவரும் வெள்ளை, எல்லாக் கதவும் பச்சை. நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டு வாசலிலும் மாமி செருப்புகளை வரிசையாக அடுக்கியிருந்தார்.

“அம்மா, உதுகளை உள்ளுக்கு எடுங்கோ. சனம் என்ன நினைக்கும்?” என்றார் கணவர்.

“செருப்பை வீட்டுக்குள்ள கொண்டு வாறதோ? ஏலாது தம்பி.”

பின்னேரம் தனியாக நடக்கப்போன மாமி இரண்டு மணித்தியாலமாகியும் வரவில்லை. நீரிழிவு என்கிற சீனி வருத்தம் உள்ளவர். கையில் போனும் இல்லை. பதறிப்போய், கதவைக்கூடப் பூட்டாமல், வெறுங்காலோடு ஒழுங்கை ஒழுங்கையாக ஓடித் தேடினோம்.

அழுதுகொண்டு திரும்பி வந்தால், மாமி உள்ளே இருந்து தேத்தண்ணீர் குடிக்கிறார்!

“எப்பிடி மாமி வீட்டைக் கண்டுபிடிச்சனீங்கள்?”

“எல்லா வீடும் ஒரே மாதிரித்தான் பிள்ளை. வாசல்ல செருப்புக் கிடந்தது எங்கட வீட்டில மட்டும்தான்.”

இன்று கணவரும் செருப்பை வாசலில்தான் கழற்றினார். நிர்வாகத்துக்குப் பதில் எழுத வேண்டும். ‘உள்ளே எடுத்தால் அம்மா தொலைந்துவிடுவார்’ என்பதை டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில், எப்படி எழுதுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.