ஆறிப்போன கோப்பைகள்

குவைத்தில் ஏழு வருடம் பிறர் வீட்டில் வேலை செய்து இன்பமலர் சேர்த்த காசு, சீதனக் காணியில் ஒரு தேநீர்க் கடை போடத்தான் காணும். அது படுத்தால் மறுபடியும் விமானம்தான். ஆகவே சல்லி ஊருக்கு அப்பால், அந்தக் காணிக்கு முன்னால் கடற்கரையில் கருவாடு காயப்போடும் முப்பது பெண்களையும், கடைக்கு வருவீர்களா என்று தனித்தனியாகக் கேட்டாள். புதிதாக ஒன்று தொடங்குகிறவளிடம் 'இல்லை' என்று சொன்னால் தரித்திரம் என்பது அவர்கள் நம்பிக்கை. முப்பது பேரும், "கட்டாயம் வருவம் அக்கா" என்றார்கள்.

இன்பமலர் அந்த வார்த்தையை நம்பிவிடவில்லை. எட்டு நாள் காலையில் பிளாஸ்கோடு போய், சும்மாவே ஊற்றிக் கொடுத்துப் பார்த்தாள். மீன்பிடி வள்ளத்து ஆண்கள் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார்கள். பெண்களின் கோப்பைகள் மணலில் ஆறிக் கிடந்தன.

"ஏன் கோசலை, என்ட தேத்தண்ணி அவ்வளவு மோசமோ?"

மீனைப் புரட்டிக்கொண்டே கோசலை சிரித்தாள். "குடிச்சிட்டு எங்க, அக்கா, போறது? ஆம்பிளையளுக்கு ஒரு பத்தை மறைவு காணும். நாங்கள் மத்தியானம் வீட்ட போகுமட்டும் தண்ணியே வாயில வைக்கிறேல்ல."

இன்பமலர் கரையைத் திரும்பிப் பார்த்தாள். வள்ளத்து எஞ்சின்களுக்குப் பூட்டுப் போட்ட அறை இருந்தது. முப்பது பெண்களுக்கு ஒரு கதவு இல்லை. அவர்கள் தாகத்தோடு காத்திருப்பதற்குப் பெண்ணின் அடக்கம் என்று பெயர் வைத்து, ஊர் நிம்மதியாக இருந்தது.

அன்று பின்னேரம், கடை கட்ட வந்த மேசன் அல்பிரட் தலையைச் சொறிந்தார். "தேத்தண்ணிக் கடையை ஆரும் கக்கூசில இருந்து தொடங்குவினமோ, தங்கச்சி?"

"ஓம் அண்ணை. முதல்ல அதைக் கட்டுங்கோ. கதவுக்கு உள்பக்கம் கொண்டி போட மறக்காதேங்கோ. அடுப்பைப் பிறகு பாப்பம்."