இரண்டாவது அங்குலம்

சூசை இறந்துபோன செய்தி எனக்கு ஒரு வண்டிக்கு அடியிலிருந்து வந்தது. சின்னமனூரில் ஒரு கடையில் என் பிக்கப்புக்கு கிளட்ச் மாற்றிக்கொண்டிருந்தார்கள். கீழே படுத்திருந்த மெக்கானிக்கின் கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. அவருடைய செல்போன் அடித்தது, ஏதோ பேசினார். பிறகு படுத்தபடியே, “அண்ணே, தேவாரம் சூசையண்ணே போயிட்டாகளாம்” என்றார். “எங்க போயிட்டாக?” என்று கேட்டேன்.  அவர் மெல்ல வெளியே வந்து, எழுந்து நின்று, கையைத் துடைக்க ஆரம்பித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

சூசை காலையில் வழக்கம்போலத் தன் மெக்கானிக் கடையைத் திறந்திருக்கிறார். டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே பிக்கப்பும் ஜீப்புமாக சாலை அடைபட்டு நின்றது. சாமியார் செபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்குப் பின்னால் யாரோ ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: “நல்ல மனுசன். அந்த ஒரு வண்டி மட்டும் அவர் கையில கவுராம இருந்திருந்தா இன்னும் பெரிய ஆளா வந்திருப்பாரு.” அந்த ஒரு வண்டி என்னுடையது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நம் வண்டி உரிமையாளர் சங்க மலருக்கு அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். நான் திராட்சை வியாபாரி. வருடத்துக்கு ஒருமுறை மலரில் எதையாவது எழுதுவேன், நீங்களும் பெரிய மனது பண்ணிப் படிப்பீர்கள். இந்த முறை மட்டும் ஒரு வரி விடாமல் படியுங்கள்.

சூசையும் நானும் ஏறக்குறைய ஒரே வயது. யார் மூத்தவர் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை. அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அண்ணே என்பேன். குள்ளமான ஆள். சட்டைப்பையில் ஸ்பேனர் இருக்கும், காதில் பென்சில் இருக்கும். கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டார், ஜாக்கியை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பார்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிக்கப் வண்டி காலியாக நிற்கும்போது முன்பக்கம் சற்றுக் குனிந்திருக்கும். பின்னால் சுமை ஏறினால் மட்டத்துக்கு வரட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் நம் ஆட்களுக்கு வண்டி குனிந்து நின்றால் மானம் போய்விடும். எஸ்டேட் பாதையில் முன்பக்கம் கல்லில் இடிக்கிறது என்று ஒரு காரணமும் சேர்த்துச் சொல்வார்கள். ஆகவே முன் ஸ்பிரிங்குகளுக்கு மேலே கனமான இரும்புத் தட்டுகளை வைத்துத் தூக்கிவிடச் சொல்வார்கள். இதை நம் பக்கத்தில் பொறுமையாகச் செய்தவர் சூசை.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. காலி வண்டியைத் தொட மாட்டார். “சுமையோட வாங்கண்ணே. காலி வண்டி பொய் சொல்லும்” என்பார். என்ன ஏற்றுகிறோமோ அதையே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கத்தியால் கோடு கீறிய ஒரு மூங்கில் குச்சியை வைத்துச் சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவு வரை அளப்பார். ஒருமுறை கோம்பைக்காரர் ஒருவர், “என் வண்டி ஆள்தான் ஏத்தும், சுமைக்கு எங்க போறது?” என்று சொல்லிவிட்டு, காதுகுத்துக்குக் கிளம்பிய சொந்தக்காரர்களை அப்படியே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பட்டுப்புடவையும் நகையுமாக இருபது பேர் வெயிலில் உட்கார்ந்திருக்க, சூசை குச்சியோடு சுற்றிச்சுற்றி வந்தார். வயதான அம்மா ஒருவர் பொறுக்க முடியாமல் இறங்கப் பார்த்தார். “எறங்காத ஆத்தா, நீயும் கணக்குல இருக்க” என்றார். “ஏலே, நான் என்ன வெங்காய மூட்டையா?” என்று அந்த அம்மா போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. மொய் எழுதப் போனவர்கள் போய்ச் சேரும்போது பந்தி முடிந்திருந்ததாம்.

என் விஷயத்துக்கு வருகிறேன். 2003-இல் புது பிக்கப் எடுத்தேன். எர்ணாகுளத்தில் ஒரு கடையில் லெவலிங் கிட் என்று விற்றார்கள். ஓர் அங்குல கனத்தில் நான்கு வட்டத் தட்டுகள், நீளமான போல்ட்டுகள். பக்கத்துக்கு இரண்டு தட்டு வைத்தால் முன்பக்கம் இரண்டு அங்குலம் ஏறும். வாங்கிக்கொண்டு நேராக சூசையிடம் போனேன். காலி வண்டி என்பதால் திருப்பி அனுப்பினார். மறுநாள் பெட்டி பெட்டியாகத் திராட்சை ஏற்றிக்கொண்டு போனேன். பழம் வெயிலில் வேகிறது, இவர் குச்சியை வைத்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு உச்சி மண்டை கொதித்தது.

அளந்து முடித்து, “ஓரங்குலம் போதும்ணே” என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. காசு கொடுத்து வாங்கியது இரண்டங்குலம், அதை வைக்க வேண்டியதுதானே என்றேன். அவர் வாதாடவில்லை. ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிரிங்கை அமுக்கிக் கட்டி இறக்கி, இரண்டு தட்டையும் வைத்துப் பூட்டினார். பிறகு அந்தப் பக்கத்தைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்தார். சக்கரத்துக்கு பிரேக் எண்ணெய் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸைக் காட்டி, “இங்கன வெரல வைங்கண்ணே” என்றார். வைத்தேன். கொடிக்கயிறு மாதிரி விறைப்பாக இருந்தது. “மலையில குழியில எறங்கி வளைக்கயில இது எட்டாது. இன்னைக்கி அறாது, நாளைக்கி அறாது. ஒருநா அறும்.” பிறகு ஒரு தட்டைக் கழற்றிவிட்டு மறுபடி விரலை வைக்கச் சொன்னார். ஹோஸ் தளர்வாக ஆடியது. சக்கரத்தை மாட்டி, வண்டி சுமையோடு தரையில் நின்ற பிறகுதான் போல்ட்டுகளுக்குக் கடைசி முறுக்குக் கொடுத்தார். மீதித் தட்டு இரண்டையும் செய்தித்தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார். “இது ஒங்க வண்டிக்கு ஆகாதுண்ணே. கதவு காத்துல அடிச்சா முட்டுக் குடுத்துக்கங்க.”

இவ்வளவும் என் விரலுக்குத் தெரியும். தெரிந்தும் நான் என்ன செய்தேன் என்பதை இனிமேல் சொல்கிறேன்.

ஒரு வாரம் கழித்துக் குமுளியில் ஒரு வியாபாரி என் வண்டியைப் பார்த்து, “இப்பவும் கும்பிடு போட்டுட்டுத்தான் நிக்கிது” என்று சிரித்தார். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு பொறுக்காமல், செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அல்லிநகரத்தில் வேறொரு கடைக்குப் போனேன். அங்கே யாரும் சுமை கேட்கவில்லை, விரலை வைக்கச் சொல்லவில்லை. ஒரு மணி நேரத்தில் இரண்டாவது தட்டும் ஏறியது. வண்டி நிமிர்ந்து நின்றது. நானும் நிமிர்ந்து நின்றேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. வண்டியை ஓட்டியது என் மனைவியின் தம்பி பாண்டி. ஒருநாள் திராட்சை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கம் பூப்பாறைக்கு இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் மிதி உள்ளே போய்விட்டது. மறுபக்கம் பள்ளம். அவன் புத்திசாலி, மலைப் பக்கமாக ஒடித்து மண்மேட்டில் மோதினான். வண்டி கவிழ்ந்தது. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அவனை இழுத்து வெளியே எடுத்தார்கள். வலது முழங்கால் நொறுங்கியிருந்தது. முன் பிரேக் ஹோஸ் அறுந்து தொங்கியது.

தேனி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மாமனார் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் என் மனைவி அழுதுகொண்டிருந்தாள். “பிரேக் ஹோஸு இழுத்து அறுந்திருக்குங்கிறாக. வண்டியத் தூக்கிவிட்டது யாரு மாப்ள?” என்று மாமனார் கேட்டார்.

“தேவாரம் சூசைதான்” என்றேன்.

அது பொய்யில்லை. முதல் அங்குலம் அவர் வைத்ததுதான். இப்படித்தான் ஏழு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

வண்டியை இழுத்துக்கொண்டு சூசையின் கடைக்கே போனோம். மாமனார் நடுத்தெருவில் நின்று அவரைக் கேட்காத கேள்வி இல்லை. சூசை கீழே படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். பக்கத்துக்கு இரண்டு தட்டு இருந்தது. எழுந்து வந்து என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இப்போது சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மாமனாரிடம், “என் கைபட்ட வண்டிதான்யா. நானே சரி பண்ணித் தாரேன்” என்றார். ஜாக்கியைக்கூட அன்று சத்தமில்லாமல்தான் வைத்தார். வண்டி திரும்பி வந்தபோது டிரைவர் சீட்டுக்கு முன்னால் உள்ள பெட்டியில் ஒரு செய்தித்தாள் பொட்டலம் இருந்தது. பிரிக்காமலே எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நடத்தியவர்களில் நீங்களும் உண்டு. முன்பக்க வேலைக்கு யாரும் சூசையிடம் போகவில்லை. இரண்டு வருடம் அவர் கடையைச் சாத்திவிட்டு, தினமும் பஸ் ஏறிக் குமுளிக்குப் போய் வேறொருவர் கடையில் வேலை பார்த்தார். கம்பம் பஸ் ஸ்டாண்டில் டிபன் பாத்திரத்தோடு நிற்பவரைப் பார்த்தால் நான் வண்டியைச் சந்தில் திருப்பிவிடுவேன்.

ஒருநாள் சந்து கிடைக்கவில்லை. ஏற்றிக்கொண்டேன். உத்தமபாளையம் தாண்டியது. பிறகு நானே கேட்டேன். “அன்னைக்கி ஏண்ணே சொல்லல?”

அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: “சொல்லியிருந்தா ஒங்க வீட்டம்மா எந்தப் பக்கம் நிப்பாக? தம்பி பக்கமா, ஒங்க பக்கமா? தட்டுன்னா கழட்டிப் பொட்டலம் கட்டிரலாம்ணே. குடும்பத்துக்குள்ள ஏறுன பகைய எப்பிடிக் கழட்டுறது?” கொஞ்ச தூரம் போனபின், “ஆனா நீங்க சொல்லியிருக்கலாம்” என்றார். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். தேவாரத்தில் இறங்கும்போது, “பின் ஸ்பிரிங் பட்டை ஒண்ணு ஒடஞ்சிருக்கு போல, சத்தம் கேக்குது. சுமையோட வாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாண்டிக்குக் கால் தேறட்டும் என்றேன், பிறகு அவனுக்குக் கல்யாணம் முடியட்டும் என்றேன். தள்ளிப்போடுவதற்கு நமக்கா காரணம் கிடைக்காது? சூசை கடையை மறுபடி திறந்தார், நான்கைந்து பேர் வர ஆரம்பித்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். கல்லறையில் அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் ஒன்றும் சரியாகவில்லை என்று தெரிந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் என் மனைவியிடம் சொன்னேன். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வைக்கிறாள். அதற்கடுத்த நாள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கோம்பைக்குப் போய், பாண்டி முன்னால் பிரித்து வைத்து, முழுவதையும் சொன்னேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் ஒரு தட்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். “ஏழு வருசமா அந்தக் கடை வழியாத்தான் போறேன், வாறேன் மச்சான்” என்றான். “ஒருநா கூப்பிட்டாக. ‘தம்பி, காலு இப்ப எப்பிடி இருக்கு’ன்னு கேட்டாக. நான் அவுக வாசல்ல காறித் துப்பிட்டு வந்தேன்.”

அந்தத் தட்டை அவன் கீழே வைக்கவில்லை.

ஆகவே நண்பர்களே, இதை எழுத்தில் வைக்கிறேன். அந்த வண்டி சூசையின் கையில் கவிழவில்லை. அவர் வைத்தது ஓர் அங்குலம், விரலை வைத்துப் பார்க்கச் சொல்லி வைத்தது. இரண்டாவது அங்குலம் என்னுடையது. முப்பதாம் நாள் பூசையில் அவர் மனைவியிடமும் இதைச் சொல்லப் போகிறேன். பாண்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு இரும்புத் தட்டு. இரண்டு இருந்தது. அன்று கிளம்பும்போது பாண்டி, “ஒண்ணு இங்கன இருக்கட்டும் மச்சான்” என்று வாங்கி வைத்துக்கொண்டான்.